சர்க்கரை இருக்கு

அந்த வீட்டில் குடும்பம் முக்கால்வாசி ஃபிரிட்ஜ் கதவில்தான் நடந்தது.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடியும் முன்பே கிளம்பினால் வீடு திரும்ப மதியம் இரண்டு மணியாகும். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். கடை ஒரு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடும். அவள் எழும்போது அவர் தூங்குவார். அவர் வந்து சேரும்போது அவள் தூங்கிவிட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருவரும் சேர்ந்து கண் விழிக்கும் நாள். மீதி ஆறு நாளும் அவர்களுக்குப் பேச்சு என்பது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்த ஒரு வெள்ளைத் தாள்.

தாளில் எழுதவும் ஒரு முறை இருந்தது. 'வெங்காயம் இல்ல.' 'சோப்பு இருக்கு.' 'முட்டை ரெண்டே ரெண்டு இருக்கு.' அவர் காலையில் எழுந்து அலமாரியைப் பார்த்து எழுதி வைப்பார். மறுநாள் விடிகாலை அவள் அதைப் பார்த்து, 'இல்ல' என்றதை எல்லாம் மனதில் குறித்துக்கொண்டு, வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வருவாள். பட்டியலுக்கு நடுவே கொஞ்சலும் வரும். 'டிரைவரம்மா, மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோ.' அதற்கு அவள் பதில்: 'கண்ணாடிக்காரரே, நேத்து நீங்க விட்ட குறட்டையிலதான் மேகமெல்லாம் கூடியிருக்கு.'

கல்யாணமாகி இரண்டு வருடம். அவருக்கு நாற்பத்தேழு, அவளுக்கு நாற்பத்து மூன்று. ஊரில் மற்றவர்களுக்கு அலுத்துப்போன வயதில் இவர்களுக்கு எல்லாம் புதுசாக இருந்தது.

கொஞ்ச நாளாக அவர் கண்ணுக்கு உலகம் கரைய ஆரம்பித்திருந்தது. எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தெருவிளக்குகள் விளிம்பு கலைந்து பஞ்சுப்பூ மாதிரி மலர்ந்தன. கடைச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரிசை, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போல மெல்ல அசைந்தது. வயசாகிறது என்று நினைத்துத் தன் கண்ணாடியின் பவரைத் தானே மாற்றிக்கொண்டார். பத்து நாளில் மறுபடி மங்கியது, மறுபடி மாற்றினார். மூன்றாவது முறை லென்ஸ் பெட்டியைத் திறந்தபோது, கல்லாவில் பில் போடும் அக்கா மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"என்ன சார், கடையில இருக்கற லென்ஸ் எல்லாத்தையும் நீங்களே மாட்டிட்டா கஸ்டமருக்கு என்ன மாட்டுவீங்க?"

"ஒண்ணும் சரியா நிக்க மாட்டேங்குதுக்கா."

"தண்ணி வேற குடம் குடமா குடிக்கறீங்க. ஒரு கண்ணு பாத்து முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ பாத்ரூம் ஓடறீங்க. இது கண்ணு சமாச்சாரம் மாதிரி தெரியல. போய் ரத்தத்தக் காட்டுங்க."

காட்டினார். செவ்வாய்க்கிழமை காலை, பச்சை நிறத் திரை போட்ட சின்ன அறையில் டாக்டரம்மா தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று மாத சராசரி ஒன்பது புள்ளி நான்கு.

"சர்க்கரை ஏறினா கண்ணோட லென்ஸ் கொஞ்சம் ஊதிக்கும், பவர் மாறும். உங்க தொழில்தானே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எத்தனையோ பேரிடம் அதையே சொல்லி டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். தனக்கு என்று வரும்போதுதான் அந்தப் பாடம் மறந்துபோயிருந்தது.

"ரெண்டு மாசத்துக்குக் கண்ணாடிய மாத்தாதீங்க. சர்க்கரை இறங்க இறங்க பார்வை முன்ன பின்ன ஆடும். பயப்பட வேண்டாம்." டாக்டரம்மா ஒரு வட்டம் வரைந்து கோடு போட்டார். "இது உங்க தட்டு. பாதி காய்கறி. கால்வாசி சோறோ ரொட்டியோ. மீதி கால்வாசி முட்டை, மீன், பருப்பு. மாத்திரை ரெண்டு வேளை, சாப்பிட்ட கையோட. தினமும் அரை மணி நேரம் நடங்க. அவ்வளவுதான். வீட்டுல சொல்லிடுங்க."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார்.

வீட்டில் எப்படிச் சொல்வது? கல்யாணம் பேச அவர்கள் முதன்முதலாக உட்கார்ந்த அந்தச் சின்ன டீக்கடையில், அவள் அவருடைய சம்பளத்தைக் கேட்கவில்லை, சொந்த பந்தத்தைக் கேட்கவில்லை. நேராகக் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" அவளுடைய அம்மாவுக்கு இருந்தது. பதினோரு வருடம், அண்ணன் குடும்பம் வேறு ஊரில் இருக்க, இவள் ஒருத்தியே ஊசி போட்டாள், கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டாள், சோற்றை அளந்து வைத்தாள். வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்று அனுப்பினாள். அம்மா போன பிறகுதான் பேருந்து ஓட்டவே கற்றுக்கொண்டாள். அவர் அன்றைக்கு "இல்ல" என்றார். அன்றைக்கு அது உண்மை.

புதன்கிழமை மதியம் போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தார். அவள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். "சொல்லுங்க" என்று அவள் குரல் கேட்டதும், பேச்சை மாற்றிவிட்டார்.

"ஒண்ணுமில்ல. கதவத் தாழ் போட்டியா?"

"மூணாவது மாடிக்கு எவன் ஏறி வரப்போறான்? நீங்களே மூச்சு வாங்கிட்டுதான் வர்றீங்க. வைங்க போன."

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் முன்னால் பேனாவும் கையுமாக வெகுநேரம் நின்றார். சமையலறை ஜன்னலில் வெயில் பால் போல வழிந்துகொண்டிருந்தது. தாளில் ஏற்கெனவே மூன்று வரிகள். வெங்காயம் இல்ல. எண்ணெய் இருக்கு. தீப்பெட்டி இல்ல. 'அன்புள்ள' என்று தொடங்கலாமா என்று யோசித்தார். அது ஏதோ ராஜினாமாக் கடிதம் மாதிரி இருந்தது. விளக்கம் எழுதலாமென்றால் தாளில் இடம் போதாது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நான்காவது வரியாக இரண்டே வார்த்தை எழுதினார்.

'சர்க்கரை இருக்கு.'

எழுதி முடித்ததும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் கீழே எழுதுகிறோமே என்ற நினைப்பு அவருக்கு வரவே இல்லை. இரண்டு வருடப் பழக்கம். மனதில் இருப்பதை எழுத அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் செருப்புக்கூடப் போடாமல் சமையலறைக்கு ஓடினார். அவர் எழுதியதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்து, அவசரத்தில் சாய்ந்து:

'சரி. அப்ப வேண்டாம்.'

தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். கண்ணில் எழுத்து மிதந்தாலும் வார்த்தை மாறவில்லை. கோபப்படுவாள், அழுவாள் என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். இப்படி ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் போவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தட்டில் பாதிக்கு வெள்ளரிக்காயும் பீன்ஸும் வைத்துக்கொண்டார். கைப்பிடி சோறு, ஒரு முட்டை. மாத்திரையை விழுங்கினார். வயிற்றைப் புரட்டியது. மாத்திரையாலா, மனசாலா என்று தெரியவில்லை.

கடையில் பில்லிங் அக்கா பார்த்த பார்வையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"வீட்டுல சொன்னீங்களா இல்லையா?"

"எழுதி வெச்சேன்."

"எழுதி வெச்சீங்களா! என்ன, லீவ் லெட்டரா? உடல்நிலை சரியில்லாத காரணத்தால் என்னை மன்னிக்கவும்னா?"

"பதிலும் எழுதிட்டா. வேண்டாம்னு."

அக்கா கையிலிருந்த ரசீதுக் கட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கிண்டல் மறைந்தது. "பொண்டாட்டிகிட்ட வாயால சொல்லணும் சார். ஆண்டவன் அதுக்குத்தான் வாயக் குடுத்திருக்கான். நாளைக்கே போய் நேருல பேசுங்க. வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

சனிக்கிழமை விடிகாலையில் சாவிச் சத்தம் கேட்டு அவருக்கு விழிப்பு வந்தது. நேருல பேசு, நேருல பேசு என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து வருவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. தாளில் புதிதாக இரண்டு வரிகள்.

'இப்படிப் பண்ணலாமா நீங்க?'

அதற்குக் கீழே: 'பெரிய பெட்டி எங்க வெச்சீங்க? நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகணும்.'

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவள் போகமாட்டாள் என்று ஒரு கணம் குழந்தைத்தனமாகத் தோன்றியது. பிறகு குளித்து, சட்டை மாற்றி, ரொட்டித் துண்டும் முட்டையும் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். அவள் ஓட்டுவது பதினேழாம் எண். இந்த இரண்டு வருடத்தில் அவர் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

தெருவில் பனிமூட்டம். கழுவிவிட்ட நடைபாதையில் வானம் கிடந்தது. பேருந்துகள் தூரத்தில் வெறும் வெளிச்சமாகத் தோன்றி, மெல்லத் திரண்டு உருவமாயின. நெற்றியில் ஒளிரும் எண் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்று பதினொன்றாகத் தெரிந்தது; இன்னொன்று எழுபத்தேழாகி, ஒருமுறை இமைத்ததும் வெறும் கோடாகிப் போனது. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டார்.

"ஐயா, வர்றது பதினேழா?"

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீங்கதானே எனக்கு இந்தக் கண்ணாடியப் போட்டுக் குடுத்தது?"

"ஆமாங்கய்யா."

"நல்லாத் தெரியுது இதுல. ஒண்ணு போட்டுக்கறதுதானே நீங்களும்! ஏறுங்க, பதினேழுதான்."

ஏறினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டையில் அவள். அவரைப் பார்த்ததும் அவள் கண் அகன்றது, உதடு ஏதோ கேட்டது. பின்னால் நாலு பேர் இடித்தார்கள். 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற அறிவிப்பு தலைக்கு மேல். அவர் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு, பின்னால் பார்க்கும் அவளுடைய கண்ணாடியில் தெரியும்படி மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தார்.

பேருந்து நகர்ந்தது. வீட்டில் தட்டு உடைப்பவள், கதவை உதைத்துச் சாத்துபவள், அந்தப் பெரிய சக்கரத்தை உள்ளங்கையால் மாவு தேய்ப்பது போலச் சுற்றினாள். இத்தனை பெரிய வண்டி அவள் சொல்லுக்கு ஒரு மாடு போல அடங்கி வளைந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊர் கரைந்து ஓடியது: பாதி தூக்கிய கடைக் கதவுகள், சிவப்புப் புள்ளிகளாக நிற்கும் வண்டிகள், பாலத்துக்குக் கீழே கரை தெரியாத ஆறு. எல்லாமே மங்கல். அவள் கழுத்தின் பின்புறமும், அள்ளிக் கட்டிய கூந்தலும், காதோரம் தப்பிய ஒரு முடியும் மட்டும் எப்படியோ துல்லியமாகத் தெரிந்தன. இந்த வண்டி எங்கேயும் நிற்காமல் இப்படியே போனால் என்ன என்று நினைத்தார். நிற்கும் வரை அவள் எதையும் சொல்ல முடியாது. சொல்லாத வரை அவள் அவருடைய மனைவி.

கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மறுபடி கிளம்ப எட்டு நிமிடம் இருந்தது. என்ஜினை அணைத்துவிட்டு, ஃப்ளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வேகமாக வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சுங்க? யாருக்கு என்ன? அண்ணன் போன் பண்ணினாரா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உங்கிட்ட பேசணும்னு வந்தேன்."

"அடப் பாவி மனுஷா, வயித்தக் கலக்கிட்டீங்களே! வழியெல்லாம் நான் என்னென்னமோ நினைச்சேன்."

"அந்தப் பேப்பர்ல எழுதினேனே. சர்க்கரை இருக்குன்னு."

"அதப் பத்திப் பேசவா வந்தீங்க? நல்லாக் கேட்டுக்கங்க." அவள் ஃப்ளாஸ்க்கின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். "இருக்குன்னு எழுதினீங்க. சரி, அப்ப வேண்டாம்னு நான் வாங்கல. வந்து டப்பாவத் திறந்தா அடியில நாலு எறும்பு சுத்துது! நேத்து சாயங்காலமும் வெறும் டீ, இன்னிக்கும் வெறும் டீ. வண்டி ஓட்டறவளுக்கு இப்படிப் பண்ணலாமா நீங்க? இல்லாதத இருக்குன்னு எழுதற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவர் அவளையே பார்த்தார். மனசில் முடிந்து கிடந்தது ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. சிரிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் சொல்லப்படவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"டப்பாவுல இல்லம்மா" என்றார். "எனக்கு."

அவள் கையிலிருந்த மூடி உருண்டு இருக்கைக்குக் கீழே போனது. அவள் அதை எடுக்கவில்லை. வெளியே ஒரு ஊழியர் தண்ணீர்க் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்றாள் கடைசியில்.

"வெறும் வயித்துல இருநூத்திப் பன்னண்டு. மூணு மாசத்துக்கு ஒம்பது புள்ளி நாலு."

"என்ன மாத்திரை? ரெண்டு வேளையா?"

"ரெண்டு வேளை. சாப்பிட்டதும்."

"வயித்தப் பொரட்டுதா?"

"பொரட்டுது."

"பத்து நாள்ல சரியாப் போகும்." பழக்கத்தில் வந்துவிட்ட அந்தப் பேச்சைத் தானே வெட்டிக்கொள்வது போல அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ அன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்ட" என்றார் அவர். "இன்னொரு நோயாளி வேண்டாம்னுதானே கேட்ட?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. "ஆமாங்க. அதுக்குத்தான் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன்." ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா தலகாணிக்கு அடியில மிட்டாய ஒளிச்சு வெப்பாங்க. நான் தேடி எடுப்பேன். நான் எடுத்தேன்னு ரெண்டு நாள் முகங்கொடுத்துப் பேச மாட்டாங்க. பதினோரு வருஷம் நான் போலீஸ், அவங்க திருடி. அவங்க போறப்ப என்னப் பாத்த பார்வையிலகூட ஒரு பயம் இருந்துச்சு. மகளா அவங்ககிட்ட உக்காந்து பேசின நாள் ஒண்ணுகூட ஞாபகம் இல்ல."

அவர் குனிந்து, இருக்கைக்குக் கீழே கிடந்த மூடியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"அதனால இப்பவே சொல்லிடறேன். உங்க மாத்திரைய நான் எடுத்துத் தர மாட்டேன். போட்டீங்களான்னு கேக்க மாட்டேன். டப்பாவப் பூட்ட மாட்டேன், உங்க தட்ட எட்டிப் பாக்க மாட்டேன். அந்த வேலைக்கு நான் வர மாட்டேன். உங்க உடம்ப நீங்கதான் பாத்துக்கணும்."

"சரி" என்றார். "அப்ப நீ...?"

"அப்ப நான் என்ன? பொண்டாட்டியா இருப்பேன். அதுக்குத்தானே வந்தேன்! அந்த வேலையே இன்னும் பாதிகூடக் கத்துக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றார் தலையைத் தூக்காமல். "நாளைக்கு... போய்த்தான் ஆகணுமா?"

"பின்ன? அண்ணன் பொண்ணு காலேஜ்ல டூர் போறா, பெட்டி வேணும்னு நாலு நாளா போன்ல பிடுங்கறா." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "இருங்க, இருங்க. நான் பெட்டியத் தூக்கிட்டு வீட்ட விட்டே போறேன்னு நினைச்சீங்களா?"

அவர் கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார். காது நுனி சிவந்தது.

அவள் சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பிலேயே கண்ணில் நீர் வந்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நீலச் சட்டையின் தோளில் கையை வைத்தார். வெளியே குழாய்க்காரர் ஜன்னலில் தட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"ரெண்டு நாளா தனியா வெச்சுக்கிட்டுத் தவிச்சீங்களா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நாலு நாள்."

"லூசு" என்றாள். அவ்வளவு மென்மையாக யாரும் அவரை அப்படித் திட்டியதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மறுபடி ஓட்டுநராகிவிட்டாள்.

திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆனாலும் பனி முழுதும் போகாமல், வீடுகளின் மேல் தங்கப்பொடி தூவிய மாதிரி நின்றது. ஆறு இப்போது ஒரு அகலமான வெளிச்சம். பேருந்து நிறைந்து, காலியாகி, மறுபடி நிறைந்தது. அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். நாலு நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருக்கும்போது பேருந்து ஓரம் கட்டி நின்று, கதவு திறந்தது. ஏற யாரும் இல்லை. இறங்கவும் யாரும் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. தாடை லேசாக வெளிப்பக்கம் அசைந்தது. இறங்கி நடங்க.

இது எந்த வேலையைச் சேர்ந்தது, எட்டிப் பார்க்க மாட்டேன் என்று இப்போதுதானே சொன்னாள் என்று அவர் புருவத்தைத் தூக்கினார். கண்ணாடியில் இருந்த கண்கள் அசைந்து கொடுக்கவில்லை.

இறங்கினார். கதவு மூடிக்கொள்ள, பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு அவரைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரத்தில் சிக்னல் சிவப்பாகி அதை நிறுத்தியது. அவர் கையை வீசி நடந்து, சிக்னலில் நின்ற அதை முந்தினார். முந்தும்போது ஓரக்கண்ணால்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பச்சை விழுந்ததும் அது சின்னதாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு அவரை முந்தியது. அடுத்த நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் பை, மூட்டையோடு வரிசையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தேழு வயதுக்காரர், கடைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்ட, ஓடாமலும் நிற்காமலும், அந்த வரிசை முடிவதற்குள் முன்னால் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்துகொண்டிருந்தார்.